ஆடிக்காற்றில் அம்மி பறக்கும்... கிளைடர் ஏன் பறக்கக் கூடாது? கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மாதப் பறத்தல் பாடம்

இன்ஜின் இல்லாத விமானத்தை மேலே தூக்குவது எது? காற்றாலை சுற்றும் இடமெல்லாம் பறக்க ஏற்ற இடமா? வாகமனில் பறக்கிறார்கள், கம்பத்தில் ஏன் யோசிக்க வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

ஆடி மாதத்தில் தேனியிலிருந்து கம்பத்துக்கு பைக்கில் போனவர்களுக்குத் தெரியும். வீரபாண்டி தாண்டியதும் காற்று முகத்தில் அறையும். ஹெல்மெட்டுக்குள் விசில் சத்தம். வாழைத் தோப்புகளில் மரத்துக்கு மரம் முட்டுக் கொடுத்திருப்பார்கள். ஆண்டிபட்டி பக்கம் திரும்பினால் காற்றாலைகள் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழ்நாட்டுக்குள் காற்று புகுந்து வரும் முக்கிய கணவாய்கள் நான்கு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம்.

அப்படியென்றால் அடுத்த கேள்வி இயல்பாகவே வரும். "இவ்ளோ காத்து இருக்கே, இங்கேயே கிளைடர், பாராகிளைடிங்னு ஏதாச்சும் ஆரம்பிச்சா என்ன?"

நல்ல கேள்விதான். ஆனால் பதில் நாம் நினைப்பதற்கு நேர் எதிரானது. அந்த ஆடிக்காற்றுதான் இந்தப் பள்ளத்தாக்கில் பறப்பதற்கு மிக மோசமான காற்று. ஏன் என்று புரிந்துகொள்ள, மலையடிவார கிளைடர் மையம் ஒன்றில் ஒரு மாதம் பயிற்சி எடுப்பவர் என்னவெல்லாம் கற்றுக்கொள்வார் என்று பார்க்கலாம். பாடம் உலகப் பொதுவானது. அதைப் படிக்க கரும்பலகையாக கம்பம் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம்.

முதலில், கிளைடர் என்றால் என்ன?

இன்ஜின் இல்லாத விமானம். நீளமான இறக்கை, ஒல்லியான உடல், ஒன்று அல்லது இரண்டு இருக்கை. தானாகத் தரையிலிருந்து எழும்பாது. தரையில் நிற்கும் வின்ச் எந்திரம் நீளமான கேபிளைச் சுருட்டி இழுக்க, பட்டம் ஏறுவதுபோல ஏறும். அல்லது இன்னொரு சிறு விமானம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் மேலே விடும்.

பாராகிளைடர் வேறு. அது துணியால் ஆன இறக்கை. மலைச்சரிவில் ஓடிக் குதித்தால் போதும். முதுகுப் பையில் மடித்துக் கொண்டுவந்துவிடலாம். இரண்டுக்கும் இயற்பியல் ஒன்றுதான், திறமையில்தான் வித்தியாசம்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். தேனிக்கு மேலே 1,000 மீட்டர் உயரத்தில், காற்றே இல்லாத ஒரு நாளில், கம்பம் திசையில் புறப்படுகிறீர்கள். பாராகிளைடர் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய 9 மீட்டர் முன்னால் போகும். ஆக, 9 கி.மீ. தூரம். வீரபாண்டியைத் தாண்டிவிடுவீர்கள், சின்னமனூர் எட்டாது. உலகம் முழுக்கப் பயிற்சிக்குப் பயன்படும் ஏஎஸ்கே-21 என்ற ஜெர்மன் கிளைடரின் விகிதம் 34. அதில் சின்னமனூர், உத்தமபாளையம் இரண்டையும் தாண்டி, கம்பத்துக்குச் சற்று முன்னால் தரையைத் தொடுவீர்கள்.

இப்போது அதே கணக்கில் மணிக்கு 40 கி.மீ. எதிர்க்காற்றைச் சேருங்கள். 90 கி.மீ. வேகத்தில் பறக்கும் கிளைடர் தரைக்கணக்கில் 50 கி.மீ. வேகத்தில்தான் நகரும். உயரம் தீர்வதற்குள் சின்னமனூர்கூட வராது. பாராகிளைடரின் இயல்பான வேகமே மணிக்கு 40 கி.மீ.க்குள்தான். முன்னால் போக முயன்றுகொண்டே அந்தரத்தில் நிற்கும். காற்று இன்னும் கொஞ்சம் கூடினால் முகம் கம்பத்தைப் பார்த்திருக்க, உடம்பு ஆண்டிபட்டிக்குப் போகும்.

முதல் பாடம் இதுதான். பறக்க வேண்டியது பலமான காற்று அல்ல, மேலே போகும் காற்று. காற்றாலைக்குப் பக்கவாட்டில் வீசினால் போதும். கிளைடருக்குச் செங்குத்தாக ஏற வேண்டும்.

ஒரு மாதத்தில் பைலட் ஆகிவிட முடியுமா?

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, கிளைடர் பைலட் லைசென்ஸுக்குக் குறைந்தபட்சம் 16 வயது ஆகியிருக்க வேண்டும். பறந்த நேரம் 6 மணி. அதில் 2 மணி நேரம் தனியாகப் பறந்திருக்க வேண்டும். அந்தத் தனிப் பறத்தலில் 20 முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். எழுத்துத் தேர்வும் மருத்துவத் தகுதியும் தனி.

"ஆறே மணி நேரமா?" என்று தோன்றும். வின்ச் மூலம் ஏறும் பயிற்சிப் பறத்தல் ஒன்று ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். 6 மணி நேரம் சேர 60 முறை ஏற வேண்டும். நாளுக்கு மூன்று வீதம் 20 நாள். மழை, மேகம், தவறான காற்று என்று பத்து நாள் தரையிலேயே போகும். சரியாக ஒரு மாதம்.

தரையிலிருக்கும் நேரம் விடுமுறை இல்லை. கயிறு மாட்ட, இறக்கை பிடித்து ஓட, இறங்கிய கிளைடரைத் தள்ளிக்கொண்டு வர ஆள் வேண்டும். கிளைடர் தனி ஆளால் முடியாத விளையாட்டு. ஐந்து நிமிடம் பறக்க அரை நாள் மற்றவர்களுக்காக வேலை செய்ய வேண்டும்.

எந்த மையத்திலும் பாடம் வாரவாரியாக இப்படியே நடக்காது, வானிலை அனுமதிக்கும் வரிசையில்தான் நடக்கும். புரிந்துகொள்ள வசதியாக நான்காகப் பிரித்துக்கொள்வோம்.

வாரம் 1: நூல் ஒன்று சொல்லும் சேதி

கோடிக்கணக்கில் விலை போகும் கிளைடரிலும் முன்கண்ணாடிக்கு வெளியே நான்கு அங்குலக் கம்பளி நூல் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். நூல் நேராக இருந்தால் விமானம் சரியாகப் போகிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் விமானம் கோணலாகக் காற்றைக் கிழிக்கிறது, உயரம் வீணாகிறது. இதைவிட எளிமையான, இதைவிட நம்பகமான கருவி இன்றுவரை வரவில்லை.

முதல் வாரம் முழுக்க நூலை நேராக வைப்பது, வேகத்தைச் சீராக வைப்பது, சரியான உயரத்தில் ரன்வேக்குத் திரும்புவது. இன்ஜின் விமானத்தில் இறங்கும்போது தப்புக் கணக்குப் போட்டால் மறுபடி ஏறி ஒரு சுற்று வரலாம். கிளைடரில் அந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது. ஒவ்வொரு இறக்கமும் கடைசி வாய்ப்புதான்.

இது வெறும் விளையாட்டுக்கான திறமை இல்லை. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரண்டு இன்ஜினும் நின்றுபோனது. பவுண்டு, கிலோ கணக்குக் குழப்பத்தில் எரிபொருளைக் குறைவாக நிரப்பிவிட்டார்கள். கேப்டன் பாப் பியர்சன் ஓய்வு நேரங்களில் கிளைடர் ஓட்டியவர். கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தை நெருங்கியபோது உயரம் அதிகமாக இருந்தது. கிளைடர் பைலட்டுகள் செய்வதுபோல விமானத்தைப் பக்கவாட்டில் சரித்து உயரத்தைக் குறைத்து இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

வாரம் 2: பருந்து வட்டமடிப்பது ஏன்?

வயல்வெளியில் பருந்து ஒன்று சிறகடிக்காமல் வட்டமடித்தே உயரே போவதைப் பார்த்திருப்பீர்கள். அது தெர்மல் எனப்படும் வெப்ப ஏறுகாற்றுக்குள் இருக்கிறது.

வெயிலில் எல்லா நிலமும் ஒரே மாதிரி சூடாவதில்லை. தண்ணீர் நிற்கும் நெல்வயலும் தென்னந்தோப்பும் சூட்டை உள்ளே வாங்கி ஈரமாக வெளியே விடும். காய்ந்த மானாவாரி நிலம், பாறை, ஊரின் சிமென்ட் கூரைகள் சீக்கிரம் கொதிக்கும். அவற்றின் மேலுள்ள காற்று சூடாகி, இலேசாகி, பிய்த்துக்கொண்டு மேலே கிளம்பும். மேலே போகப் போக, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி குளிரும். சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை ஏறிக்கொண்டே இருக்கும். ஈரம் போதுமான அளவு இருந்தால் உச்சியில் பஞ்சுப்பொதி மேகமாகத் தெரியும்.

கம்பம் பள்ளத்தாக்கு இதற்கு நல்ல பாடப்புத்தகம். முல்லைப் பெரியாறு தண்ணீர் லோயர் கேம்ப் வழியாக இறங்கி கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என இருபோகம் விளைய வைக்கிறது. பச்சைப் பசேல் என்று கண்ணுக்குக் குளிர்ச்சி. கிளைடருக்கும் குளிர்ச்சிதான், அதாவது அங்கே ஏறுகாற்று வலுவாக இருக்காது. வறண்ட ஆண்டிபட்டிப் பக்கத்து நிலமும், வெயில் நேராகப் படும் மலைச்சரிவுப் பாறைகளும்தான் தெர்மலைக் கிளப்பும் அடுப்புகள். சுற்றுலாப் பயணி தேடும் இடமும் பைலட் தேடும் இடமும் ஒன்றல்ல.

தெர்மல் கண்ணுக்குத் தெரியாது. விமானி அதைத் தேடக் கையாளும் வழிகள்: மேகம், பருந்து, வேரியோமீட்டர். கடைசியில் உள்ளது ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதை 'பீப் பீப்' சத்தமாகச் சொல்லும் கருவி. சத்தம் வேகமானால் ஏறுகிறோம். உடனே சாய்த்து வட்டமடிக்க வேண்டும். ஒரு வட்டத்துக்கு 20, 25 விநாடி. நொடிக்கு 2 மீட்டர் ஏறும் தெர்மல் கிடைத்தால் எட்டு ஒன்பது நிமிடத்தில் 1,000 மீட்டர் இலவசமாகக் கிடைக்கும். பெட்ரோல் செலவு பூஜ்யம்.

வாரம் 3: மலையோடு பேசக் கற்றுக்கொள்வது

காற்று மலைமேல் மோதினால் எங்கே போகும்? ஏறித்தான் ஆக வேண்டும். காற்று மோதும் பக்கத்துச் சரிவை ஒட்டி ஏறுகாற்றுப் பட்டை ஒன்று உருவாகும். அதில் முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டிருந்தால், காற்று வீசும்வரை மேலேயே இருக்கலாம்.

இதற்காகவே மலையடிவாரத்தில் மையங்கள் அமைந்தன. பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய சாந்தோபானில் அந்நாட்டின் தேசிய கிளைடர் மையம் இருக்கிறது. நியூசிலாந்தின் ஒமராமாவில் 1995-ல் உலக கிளைடர் போட்டியே நடந்தது. இமயத்தின் அடிவாரத்தில், ஹிமாசலப் பிரதேசத்தின் பீர் பில்லிங்கில் 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது.

மலைப்பறத்தலில் சில விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டும். எப்போதும் மலைக்கு எதிர்ப்பக்கமாகத்தான் திரும்ப வேண்டும். மலையை நோக்கித் திரும்பினால், காற்று உங்களைச் சரிவோடு சேர்த்து அழுத்திவிடும். எதிரெதிரே இரண்டு கிளைடர் வந்தால், மலையை வலப்பக்கம் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை. காரணம் எளிது: அவருக்கு வலப்பக்கம் ஒதுங்க இடமில்லை. போடிமெட்டு சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவது போலத்தான், ஒதுங்க முடிந்தவர் ஒதுங்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து கண் செய்யும் ஏமாற்று. சமவெளியில் பறக்கும்போது தொடுவானத்தைப் பார்த்து மூக்கை நேராக வைக்கலாம். மலைக்குப் பக்கத்தில் தொடுவானம் மறைந்துவிடும். மலைமுகட்டைத் தொடுவானமாக நினைத்து, தன்னையறியாமல் மூக்கைத் தூக்கிவிடுவார்கள். வேகம் குறையும். ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் இறக்கை காற்றைப் பிடிக்காமல் விமானம் விழத் தொடங்கும். இதற்குப் பெயர் ஸ்டால். அதனால் மலையருகில் கண்ணை நம்பாதே, வேகமானியை நம்பு என்று சொல்லிச் சொல்லிக் கொடுப்பார்கள்.

வாரம் 4: மலையின் மறுபக்கம்

இங்கேதான் நம் ஆடிக்காற்றுக் கேள்விக்கு விடை இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் 'மழை மறைவுப் பகுதி' என்று படித்திருப்போம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மோதி மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. அந்த 'இறங்குகிறது' என்ற சொல்லைக் கவனியுங்கள். கேரளப் பக்கம் ஏறிய காற்று, நம் பக்கம் இறங்குகிறது. குமுளி ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். கம்பம் சுமார் 400 மீட்டர். இடையில் உள்ள சரிவில் காற்று அருவிபோலக் கொட்டுகிறது, கணவாயில் நெருக்கப்பட்டு வேகம் கூடுகிறது. காற்றாலைக்கு வரம். கிளைடருக்கு இறங்குகாற்று.

இறங்குவதோடு முடிந்தால் பரவாயில்லை. ஆற்றுக்குள் பெரிய பாறை இருந்தால், பாறையின் பின்னால் தண்ணீர் சுழித்துக் குமுறுவதைச் சுருளியில் பார்த்திருப்பீர்கள். மலையின் பின்னால் காற்றும் அப்படியே சுழிக்கும். விமானிகள் அதை ரோட்டர் என்பார்கள். ஒரு நொடி மேலே தூக்கும், அடுத்த நொடி கீழே தள்ளும். இறுக்கமான இறக்கை உள்ள கிளைடரையே உலுக்கி எடுக்கும். பாராகிளைடரின் துணி இறக்கை அதில் மடிந்து சுருங்கிவிடலாம்.

இப்போது வாகமனைப் பாருங்கள். கம்பத்திலிருந்து நேர்க்கோட்டில் மேற்கே சுமார் 40 கி.மீ.தான். அங்கே 2024 மார்ச் மாதத்தில் சர்வதேச பாராகிளைடிங் போட்டி நடந்தது. அது மலைத்தொடரின் மேற்குப் பக்கம். கடலிலிருந்து வரும் மேல்காற்று சரிவில் மோதி ஏறும் பக்கம். அதுவும் பருவமழை இல்லாத கோடைத் தொடக்கத்தில். மலை ஒன்றுதான், மேல்காற்றும் ஒன்றுதான். மலையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் உயிர் இருக்கிறது. "வாகமன்ல பறக்குறாங்க, நாம கம்பத்துல பறக்கக் கூடாதா?" என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: இடமும் மாதமும் தெரியாமல் கூடாது.

தமிழில் கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல். காற்றைப் பலத்தால் அல்ல, திசையால் பிரித்துப் பெயர் வைத்த மொழி நம்முடையது. கிளைடர் பைலட்டும் காலையில் கேட்கும் முதல் கேள்வி அதுதான். எவ்வளவு காற்று என்பதல்ல, எங்கிருந்து காற்று என்பது.

மறுபக்கத்தில் நல்லதே இல்லையா?

இருக்கிறது, மிக உயரத்தில். மலையைத் தாண்டி இறங்கிய காற்று சில நாட்களில் மறுபடி துள்ளி எழும். மறுபடி இறங்கும். மலைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத அலைகளாக நிற்கும். கீழே ரோட்டர் குமுறிக்கொண்டிருக்க, மேலே அலை கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும். 1933-ல் ஜெர்மானிய விமானி வோல்ஃப் ஹிர்த் இந்த மலை அலையில் ஏறிக் காட்டினார்.

அதன் எல்லை எங்கே என்பதற்கு ஒரு சாட்சி: 2018 செப்டம்பர் 2 அன்று, அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலை அலையில் 'பெர்லான் 2' என்ற கிளைடர் 76,000 அடிக்கு மேல், அதாவது ஏறக்குறைய 23 கி.மீ. உயரத்துக்குப் போனது. நாம் ஏறும் பயணிகள் விமானங்கள் பறப்பது 11, 12 கி.மீ. உயரத்தில். இன்ஜின் இல்லாத விமானம் அதைப்போல இரண்டு மடங்கு.

ஆனால் அலைக்குப் போக ரோட்டரைக் கடக்க வேண்டும், ஆக்சிஜன் வேண்டும், பல ஆண்டு அனுபவம் வேண்டும். ஒரு மாதப் பயிற்சி முடித்தவருக்கு நான்காம் வாரம் சொல்லும் செய்தி ஒன்றே. இன்று பறக்க வேண்டாம் என்று முடிவெடுப்பதும் பறத்தலில் ஒரு பகுதி.

அப்படியானால் கம்பம் பள்ளத்தாக்கில் எப்போது, எங்கே?

காற்றியல்படி யோசித்தால், மழை ஓய்ந்த பிறகு தைக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட மாதங்கள் பொறுத்தமானவை. காற்று மென்மையாக இருக்கும். காலையில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து இறங்கும். வெயில் ஏறியதும் மலைச்சரிவு சூடாகி, காற்று சரிவில் ஏறத் தொடங்கும். பிற்பகலில் மேகமலை உச்சியில் மேகம் குவிவது அதன் அடையாளம்.

ஆனால் காற்று மட்டும் போதாது, இறங்க இடம் வேண்டும். மேலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு பச்சைக் கம்பளம்போலத் தெரியும். கிட்டே போனால் வரப்பு வரப்பாக நெல்வயல், உயர்ந்த தென்னை, அடர்ந்த வாழை. அதைவிட ஆபத்து திராட்சைப் பந்தல். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை கல்தூண்களின் மேல் இழுத்துக் கட்டிய கம்பிகளில்தான் படர்கிறது. அதில் அவசரமாக இறங்குவது நடக்காத காரியம். தேனி மாவட்டத்தில் விமான நிலையமும் கிடையாது, பக்கத்தில் இருப்பது மதுரைதான்.

மூன்றாவது காடு. கிழக்குச் சுவரான மேகமலை 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. மேற்கே குமுளியைத் தாண்டினால் பெரியாறு புலிகள் காப்பகம். நினைத்த முகட்டில் நின்று குதிக்க இது யாருடைய தோட்டமும் அல்ல.

நட்சத்திரப் பெயரில் பறந்தவை

கிளைடர் இந்தியாவுக்குப் புதிதல்ல. மத்திய சிவில் விமானத் துறை சொந்தமாகவே கிளைடர்களை வடிவமைத்தது. அவற்றின் பெயர்களைக் கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள்: அஸ்வினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா. ஆம், நட்சத்திர வரிசையேதான். அஸ்வினி 1958-ல் பறந்தது, ரோகிணி 1961-ல், ஆர்த்ரா 1979-ல். ரோகிணியில் மாணவரும் ஆசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். என்சிசி மாணவர்கள் பலர் முதன்முதலில் வானத்தைத் தொட்டது இப்படிப்பட்ட கிளைடர்களில்தான். புனேவின் ஹடப்சரில் மத்திய அரசின் கிளைடர் மையம் பல பத்தாண்டுகளாகப் பெயர் பெற்றது. கான்பூர் ஐஐடி வளாகத்துக்குள்ளேயே விமான ஓடுபாதை உண்டு.

திருவாதிரையோடு பட்டியல் நின்றுபோனது. மீதி 21 நட்சத்திரங்கள் இன்னும் காத்திருக்கின்றன. 2022-ல் மத்திய அரசு தேசிய வான்விளையாட்டுக் கொள்கையை வெளியிட்டது. கிளைடர், பாராகிளைடிங் உட்பட 11 விளையாட்டுகள் அதில் இடம்பெற்றன. கதவு மறுபடி திறந்திருக்கிறது என்றே சொல்லலாம்.

குரங்கணி சொல்லும் எச்சரிக்கை

இந்தக் கட்டுரையைத் தேனியில் வைத்து எழுத இன்னொரு காரணம் உண்டு.

2018 மார்ச் 11. போடி அருகே குரங்கணி மலையில் நடைபயணம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வார இறுதிக்கு வந்த இளைஞர்கள் பலர் அதில் இருந்தனர். வெயில் ஏறிய சரிவில் காற்று மேல்நோக்கிப் போகும் என்று மேலே பார்த்தோம். பருந்தைத் தூக்கும் அதே இயற்பியல்தான், காய்ந்த புல் சரிவில் தீயையும் மேல்நோக்கி விரட்டும். மலையில் காற்றை அறிவது பொழுதுபோக்குத் தகவல் இல்லை.

அந்த விபத்துக்குப் பிறகே மலையேற்றத்துக்குத் தமிழக அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. பிறகு 2024-ல், 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்தது. இன்று ஆன்லைனில் பதிவு செய்து, வழிகாட்டியோடு, முறைப்படி மலையேற முடிகிறது. நல்ல மாற்றம். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் மரணம், பிறகு விதி, அதன் பிறகு வசதி.

வான்விளையாட்டிலும் அதே வரிசை வேண்டுமா என்பதுதான் கேள்வி. 2023 மார்ச்சில் கேரளத்தின் வர்க்கலாவில் பாராகிளைடரில் போன இருவர் உயர்கோபுர விளக்குக் கம்பத்தில் சிக்கித் தொங்கியதை மொபைலில் பார்த்திருப்போம். அவர்கள் பிழைத்தார்கள். பார்த்துவிட்டு ஸ்க்ரோல் செய்துவிட்டோம். பீர் பில்லிங் இருக்கும் ஹிமாசலப் பிரதேசத்தில் வான்விளையாட்டுக்கென்றே மாநில விதிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் மலைகளுக்கும் அது வர வேண்டும். முதலில் எந்தச் சரிவு, எந்த மாதம், எந்தக் காற்று என்று ஓரிரு ஆண்டுகள் அளக்க வேண்டும். வனத்துறை எந்த இடம் கூடவே கூடாது என்று கோடு கிழிக்க வேண்டும். அதற்குப் பிறகு டிக்கெட் விற்கலாம்.

டாண்டமில் பறக்கப் போகிறீர்களா? 5 கேள்விகள் கேளுங்கள்

அனுபவமுள்ள பைலட்டோடு இணைந்து பறப்பதுதான் டாண்டம். லீவுக்கு எங்கே போனாலும் இந்தக் கேள்விகளைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

1. பைலட்டின் சான்றிதழ் எங்கே, அதில் டாண்டம் அனுமதி இருக்கிறதா?

2. இன்றைக்குக் காற்று எந்தத் திசை? நாம் நிற்கும் சரிவு காற்று மோதும் பக்கமா, மறைவுப் பக்கமா? பதில் தடுமாறினால் கிளம்பிவிடுங்கள்.

3. இறங்கும் இடம் எது? இங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிறதா? நடுவில் மின்கம்பி இருக்கிறதா?

4. ஹெல்மெட், அவசரகால ரிசர்வ் பாராசூட் இருக்கிறதா? கடைசியாக எப்போது பிரித்து மடித்தார்கள்?

5. காற்று சரியில்லாமல் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்குமா? இது கஞ்சத்தனமான கேள்வி அல்ல. திருப்பித் தர மறுப்பவருக்கு, எப்படியாவது பறக்க வைத்துவிட வேண்டும் என்ற அழுத்தம் இருக்கும்.

அடுத்த ஆடியில் கம்பம் சாலையில் எதிர்க்காற்று ஹெல்மெட்டை அசைக்கும்போது, வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு நிமிடம் மேலே பாருங்கள். காற்று அவ்வளவு பலமாக வீசும்போதும் பருந்து எங்கே வட்டமிடுகிறது, எங்கே வட்டமிடாமல் ஒதுங்குகிறது என்று கவனியுங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் லைசென்ஸ் இல்லாமல் பறக்க உரிமை பெற்ற ஒரே பைலட் அதுதான். அது ஒதுங்கும் இடத்தில் நாமும் ஒதுங்கலாம்.